வெளியே எதுவும் இல்லை

டெல்லிபாபு நாற்பத்தோராம் மாடிக் கண்ணாடியைப் பதினேழு நிமிடம் தட்டியிருக்கிறார். இருநூற்று நாற்பத்து மூன்று தட்டு. அந்தக் கண்ணாடியே எண்ணி வைத்திருந்தது.

கோவளத்துக்குச் சற்று முன்னால், கடலைப் பார்த்தபடி நிற்கிறது கடல்விழி அடுக்ககம். அறுபத்திரண்டு மாடி. தரையிலிருந்து உச்சிவரை கண்ணாடிதான். அது வெறும் கண்ணாடியும் இல்லை. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே தாளைவிட மெல்லிய ஒரு படலம். ஒவ்வொரு கண்ணாடியின் வெளிமூலையிலும் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கண். வெளியே இருப்பதையெல்லாம் அந்தக் கண் பார்க்கும். அதில் வீட்டுக்காரர்களுக்குப் பிடிக்காதவை என்னென்ன என்று அதற்குச் சொல்லி வைத்திருந்தார்கள். புறா எச்சம், கயிறு, வாளி, கயிற்றில் தொங்கும் ஆள். அவற்றை அழித்துவிட்டு, அந்த இடத்தில் அந்த நேரத்து வானத்தையும் கடலையும் படலம் வரைந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் தெரியாது. பார்க்கிறவனின் முகம்தான் தெரியும்.

மற்ற அடுக்ககங்களில் பல் துலக்கிக்கொண்டு நிமிர்ந்தால் எதிரே ஒருவர் தொங்குவார், இரண்டு பேரும் கூச்சத்தோடு வேறு பக்கம் திரும்புவார்கள். கடல்விழியில் அந்தத் தொல்லை இல்லை. அதைச் சொல்லித்தான் வீடுகளை விற்றார்கள்.

கண்ணாடி துடைக்கும் குழுவில் ஐந்து பேர். மோனிஷா அதில் ஒருத்தி. வயது முப்பத்தாறு, வீடு செம்மஞ்சேரியில். டெல்லிபாபு அவளுக்கு நாலு வீடு தள்ளி இருந்தவர். மொட்டை மாடியிலிருந்து இறங்கியதும் முதல் கண்ணாடியில் தலை சீவிக்கொள்வார், பிறகுதான் துடைப்பானைத் தொடுவார். "கண்ணாடி இவ்ளோ பெருசா யார் வூட்லமா கீது?" என்பார். மோனிஷாவின் டப்பாவிலிருந்து கேட்காமலே ஊறுகாயை எடுத்துக்கொள்வார். அதற்காக அவளிடம் பலமுறை திட்டும் வாங்கியிருக்கிறார்.

அன்று அவரோடு இறங்க வேண்டிய லெனின் காய்ச்சலில் படுத்துவிட்டான். ஒரு பக்கத்துக்கு இரண்டு பேர் இறங்க வேண்டும் என்பது விதி. கடல் பக்கம் டெல்லிபாபு மட்டும் இறங்கட்டும் என்று அலுவலகம் சொன்னது. முன்பெல்லாம் கீழே ஒருவர் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு மேலே பார்த்தபடியே நிற்பார். கட்டடத்துக்கே கண் இருக்கிறது, தனியாக எதற்கு ஆள் என்று அவரையும் எடுத்துவிட்டிருந்தார்கள்.

ஒவ்வொருவருக்கும் இரண்டு கயிறு உண்டு. ஒன்று உட்காரும் பலகையைத் தாங்கும் வேலைக் கயிறு, மற்றது உடம்புப் பட்டையைப் பிடித்திருக்கும் உயிர்க் கயிறு. மொட்டை மாடிச் சுவரின் விளிம்பில் கயிறு உரசாமல் இருக்க ஓர் உறை போடுவார்கள். அன்று வீசிய கடல் காற்றில் டெல்லிபாபுவின் உறை நகர்ந்துவிட்டது. காலை பத்து பத்துக்கு வேலைக் கயிறு அறுந்தது. இரண்டு மாடி உயரம் விழுந்தார். உயிர்க் கயிறு பிடித்துக்கொண்டது. விழுந்த வேகத்தில் கண்ணாடியில் மோதி வலது தோள் நொறுங்கியது. வாக்கிடாக்கி கீழே போய்விட்டது.

உயிர்க் கயிறு ஆளைக் காப்பாற்றும், ஆனால் கொஞ்ச நேரத்துக்குத்தான். கால் ஊன்ற இடமில்லாமல் பட்டையில் தொங்கினால் தொடை வார் இரத்தத்தை அடைத்துவிடும். கால் மரத்து, தலை சுற்றி, நெஞ்சு நின்றுபோகும். இருபது நிமிடத்துக்குள் யாராவது வர வேண்டும். கயிற்றில் தொங்கும் எல்லோருக்கும் இந்தக் கணக்கு தெரியும். டெல்லிபாபுவுக்கும் தெரியும். இடது கையால் தட்டினார். எதிரே அவருக்குத் தெரிந்தது அவருடைய முகம் மட்டும்தான்.

மேற்குப் பக்கம் இருந்த மோனிஷா பதினொன்றுக்குச் சற்று முன் தேநீருக்கு வரச் சொல்லி வாக்கிடாக்கியில் கூப்பிட்டாள். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். பிறகு மொட்டை மாடிக்கு ஓடி, கடல் பக்கம் எட்டிப் பார்த்தாள். ஒரு கயிறு தளர்ந்து காற்றில் அலைந்துகொண்டிருந்தது. இன்னொன்று விறைப்பாக நின்றது.

அவளும் குழுவில் இன்னொருவனான சகாயமும் இறங்கிப்போய் அவரைப் பிடித்தபோது கை இன்னும் கண்ணாடியில் சாய்ந்திருந்தது. உடம்பில் சூடு இருந்தது. உயிர் இல்லை.

*

மூன்றாம் நாள் மோனிஷா பராமரிப்பு மேலாளர் ஷியாம்சுந்தரின் அறைக்குப் போனாள். கூடவே டெல்லிபாபுவின் மனைவி செல்வியும் வந்தாள். ஷியாம்சுந்தர் எழுந்து நின்று நாற்காலி போட்டார். கெட்ட மனிதர் இல்லை. தீபாவளிக்கு எல்லோருக்கும் அவர் கையால்தான் இனிப்பு கொடுப்பார்.

"உறை சரியா போடலைம்மா. அதான் காரணம்னு ரிப்போர்ட்ல வந்திருக்கு" என்றார்.

"உறை நகர்ந்துச்சு சார். அது எங்களுக்கும் தெரியும். அப்புறமும் கொஞ்ச நேரம் உயிரோட இருந்தாரே, அதைக் கேக்கறேன். அந்த வூட்ல ஆளு இருந்தாங்களா?"

"இருந்தாங்க."

"அவங்களுக்கு இன்னா தெரிஞ்சுது?"

"ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. கண்ணாடி சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு."

செல்வி அதுவரை தலை நிமிரவில்லை. இப்போது நிமிர்ந்தாள். "சரியா வேலை செஞ்சுதா?" என்று கேட்டாள். சத்தமாகக் கேட்கவில்லை. ஷியாம்சுந்தர் மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்து மறுபடி மூடினார்.

"நாங்க வேலை செய்யற நேரம் மட்டும் அதை நிறுத்தி வைங்க சார். நாலு மணி நேரம்தான்" என்றாள் மோனிஷா.

"என் கையில இல்லம்மா. குடியிருப்போர் சங்கம் ஒத்துக்கணும். அந்தப் பார்வைக்காகத்தான் இங்க வந்திருக்காங்க. கேட்டுப் பாத்தேன். முடியாதுன்னுட்டாங்க."

"எப்ப கேட்டீங்க?"

அவர் பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

படியிறங்கும்போது செல்வி பாதியில் நின்றாள். மோனிஷா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அது அழுகிறவள் கை இல்லை என்று பிடித்த பிறகுதான் தெரிந்தது.

*

படலத்தைப் பழுது பார்க்க வேறொரு நிறுவனத்திலிருந்து ஃபர்ஹானா என்ற பொறியாளர் மாதம் ஒருமுறை வருவாள். அந்த வாரம் அவளாகவே மோனிஷாவைத் தேடி வேலையாட்கள் சாப்பிடும் அறைக்கு வந்தாள். கையில் இருந்த பலகைக் கணினியை மேசைமேல் வைத்து ஒரு கோட்டுப் படத்தைக் காட்டினாள். முள் முள்ளாக இருந்தது.

"கண்ணாடியில எது மோதினாலும் பதிவாகும். கல்லு, பறவை... எது மோதினாலும். இது அவர் தட்டினது, பதினேழு நிமிஷம். முதல்ல பாருங்க, எவ்வளவு வேகமா இருக்கு. இங்க வரும்போது நிமிஷத்துக்கு ரெண்டு. அப்புறம்..." அவள் விரலை எடுத்துவிட்டாள். "நான் இதைச் செஞ்சவ இல்ல. பாத்துக்கிறவதான். ஆனா தூங்க முடியல."

மோனிஷா அந்த முட்களை நெடுநேரம் பார்த்தாள்.

"இதை அணைக்கிற சுவிட்சு வூட்ல இருக்குமா?"

"இல்ல. கட்டடம் முழுக்க ஒரே இணைப்பு. சங்கம் கையெழுத்துப் போட்டாத்தான் அணைக்கலாம்."

"அந்தக் கண்ணு கெட்டுப்போனா?"

"கெட்டுப்போகாது. ஆனா உப்புக் காத்து இல்லையா, இருபது நாள்ல மேல உப்பு படிஞ்சிடும். பார்வை மறைஞ்சா எதை அழிக்கிறதுன்னு அதுக்குத் தெரியாது. அந்த ஒரு கண்ணாடி மட்டும் வெறும் கண்ணாடியா ஆயிடும், ரெண்டு பக்கமும் தெரியும். அதுக்காகத்தான் மாசம் ரெண்டு தடவை தொடைக்கச் சொல்றது..." ஃபர்ஹானா நிறுத்திக்கொண்டாள்.

"தொடைக்கிறது யாரு?" என்றாள் மோனிஷா.

ஃபர்ஹானா அவளையே பார்த்தாள். "நீங்கதான்."

பக்கத்துக் குழாயடியில் யாரோ டப்பா கழுவிக்கொண்டிருந்தார்கள். ஃபர்ஹானா கணினியைப் பையில் வைத்தாள். "நான் சொன்னேன்னு..."

"நீங்க இன்னா சொன்னீங்க? உப்புக் காத்துன்னு சொன்னீங்க. அது எங்களுக்குத் தெரியாதா?"

*

சகாயம் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. அவனுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவளைக் கல்லூரியில் சேர்த்திருந்தான். "வேலை போயிடும், மோனி. இதோட வேற எந்தக் கட்டடத்துலயும் எடுக்க மாட்டாங்க."

"எடுக்க வேணாம். அன்னிக்கு டெல்லிபாபு தனியா தொங்கினாரு. நாளைக்கு அந்தக் கயித்துல யாரு? நாம செத்தா இவங்களுக்குத் தெரியல சகாயம். வேலைய வுட்டாத்தான் தெரியும்னா வுட்டுத்தான் பாக்கலாமே."

"வேலைய வுடறதா? கண்ணாடியைத் தொடைக்காம எறங்கிடலாம்கிறியா?"

"யார் சொன்னா? நல்லாத் தொடைப்போம். இதுவரைக்கும் தொடைக்காத மாதிரி தொடைப்போம். அந்தப் பொத்தானை மட்டும்தான் வுடப் போறோம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு நான்கு பேரும் கடல் பக்கம் இறங்கினார்கள். மோனிஷா, சகாயம், ரூபன், லெனின். ஒவ்வொருவர் இடுப்புப் பையிலும் துணி துவைக்கும் நீலச் சோப்புக் கட்டி ஒன்று இருந்தது. இறங்குமுன் மோனிஷா எட்டுக் கயிறுகளின் உறைகளையும் இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். பிறகு மூன்றாம் முறையும் பார்த்தாள்.

காற்று இருந்தது. அறுபதாம் மாடியில் அது தரையில் வீசும் காற்றைப் போல இருக்காது. கண்ணாடியிலிருந்து ஆளை இரண்டடி பிய்த்தெடுக்கும். ஒரு நொடி வெறும் வெளியில் நிறுத்திவைக்கும். பிறகு திருப்பி மோதவிடும். பதினோரு வருடமாகியும் மோனிஷாவுக்கு அது பழகவில்லை. பழகிவிட்டது என்று சொல்பவனோடு கயிற்றில் இறங்கக் கூடாது என்பது அவள் எண்ணம்.

முதல் கண்ணாடியைத் துடைத்தாள். ஓரம் விடாமல், ஒரு கோடு விழாமல் துடைத்தாள். பிறகு சோப்புக் கட்டியை எடுத்து மூலையில் இருந்த கண்ணின்மேல் அழுத்தித் தேய்த்தாள்.

எதிரே இருந்த அவள் முகம் மெல்லக் கரைந்தது. அந்த இடத்தில் ஒரு சாப்பாட்டு மேசை தெரிந்தது. ஒரு கணவனும் மனைவியும் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கணவன் கடலைப் பார்க்கத் திரும்பினான். கடலுக்கு முன்னால் தலைக்கவசம் போட்ட ஒரு பெண் தொங்கினாள். இட்லி வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

மோனிஷா தலையை அசைத்து வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த மாடிக்கு இறங்கினாள்.

ஒன்பதரை மணிக்குள் கட்டடம் அமளியாகிவிட்டது. துண்டோடு உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தவர் சோபாவுக்குப் பின்னால் பதுங்கினார். ஒரு வீட்டில் போர்வையைத் தூக்கிப் பிடித்து இரண்டு பேர் சுவராக நின்றார்கள். ஐம்பத்திரண்டில் ஒரு வயதான அம்மாள் மட்டும் கண்ணாடி அருகே வந்து, மேலே கயிறு எங்கே கட்டியிருக்கிறது என்று கழுத்தை வளைத்துப் பார்த்து, நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

வாக்கிடாக்கி கத்தியது. "மோனிஷா, என்ன நடக்குது? பதினாலு வீட்லேருந்து புகார் வந்தாச்சு. உடனே கீழ வாங்க."

"வேலை முடியல சார்."

"கண்ணுல என்ன பூசறீங்க?"

"சோப்பு சார்."

*

நாற்பத்தோராம் மாடிக்கு அவள் வந்தபோது மணி பத்து. அந்தக் கண்ணாடியை மற்றவற்றைவிட மெதுவாகத் துடைத்தாள். கண்ணில் சோப்பைத் தேய்த்தாள்.

உள்ளே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்து ஏதோ படித்துக்கொண்டிருந்தார். பெயர் மைதிலி, பல் மருத்துவர். இதெல்லாம் மோனிஷாவுக்குப் பிறகு தெரிந்தது. நிழல் விழுந்ததும் அவர் நிமிர்ந்தார். பயந்தார். பிறகு கோபத்தோடு எழுந்து வந்து, போ போ என்று கையை வீசினார்.

மோனிஷா போகவில்லை. கண்ணாடியில் நுரையைப் பூசி அதில் விரலால் எழுதினாள். உள்ளிருந்து பார்த்தால் எழுத்து இடம் வலமாகத் தெரியும் என்பது எழுதி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அழிக்கப் போனாள். அதற்குள் மைதிலியின் கை அப்படியே நின்றுவிட்டது. நாள் முழுக்கப் பல்லைச் சிறு கண்ணாடியில் பார்த்தே வேலை செய்கிறவர் அவர். திருப்பி எழுதியதைப் படிக்க அவருக்கு ஒரு நொடி போதும்.

'போன வாரம் இங்க தட்டின சத்தம் கேட்டுச்சா?'

மைதிலி இரண்டடி பின்னால் போனார். அவர் முகத்தில் இருந்த கோபம் போய்விட்டது. அதற்குப் பதில் என்ன வந்தது என்று மோனிஷாவால் சொல்ல முடியவில்லை. அவர் கைப்பேசியை எடுத்துத் தேடினார், நெடுநேரம் தேடினார். பிறகு அதைக் கண்ணாடியில் ஒட்டினாற்போல் வைத்துக் காட்டினார்.

கட்டடத்தின் புகார்ப் பக்கம். தேதி டெல்லிபாபு இறந்த தேதி. நேரம் பத்து பதினாலு.

'கடல் பக்கக் கண்ணாடியில் யாரோ விடாமல் தட்டும் சத்தம். வெளியே என்னவென்று பார்க்கவும்.'

அதன் கீழே அலுவலகத்தின் பதில். நேரம் பத்து பத்தொன்பது.

'சரிபார்த்தோம். வெளியே எதுவும் இல்லை. இடையூறுக்கு வருந்துகிறோம்.'

மோனிஷா அதை இரண்டு முறை படித்தாள். பத்து பத்தொன்பதுக்கு அவர் உயிரோடு இருந்தார். எட்டு நிமிடம் இருந்தது.

காற்று அவளைப் பிய்த்தெடுத்துத் திருப்பி மோதவிட்டது. வாக்கிடாக்கியை எடுத்தாள். குரல் அவள் நினைத்ததைவிட நிதானமாக வந்தது.

"சார், நாற்பத்தொண்ணுக்கு வாங்க. நீங்க வர்ற வரைக்கும் நாங்க நாலு பேரும் எறங்கவும் மாட்டோம், ஏறவும் மாட்டோம்."

"என்னை மிரட்டறியா?"

"ஆமா சார்."

மற்ற மூவரும் அதைக் கேட்டார்கள். சகாயம் தன் கயிற்றைப் பூட்டிக்கொண்டு பலகையில் சாய்ந்து உட்கார்ந்தான். ரூபனும் லெனினும் அப்படியே செய்தார்கள். நான்கு பேர், நான்கு வெவ்வேறு மாடி, எதிரே நான்கு வீட்டுக்காரர்கள்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. பலகையில் உட்கார்ந்திருந்தும் மோனிஷாவின் கால் மரத்தது. கண்ணாடியில் பாதத்தை ஊன்றி ஊன்றி இரத்தத்தை ஓடவிட்டாள். உள்ளே மைதிலி நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார்.

ஷியாம்சுந்தர் வந்தார். வரவேற்பறையில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றார். இருவருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. இத்தனை வருடத்தில் அவர்கள் வேலை செய்யும் இடத்தில் அவர் அவளைப் பார்ப்பது அதுதான் முதல் முறை. அவர் கண் தானாகக் கீழே போயிற்று. அவள் காலுக்குக் கீழே நாற்பத்தொரு மாடி வெறும் காற்று. அவர் கை நாற்காலியைத் தேடிப் பிடித்தது.

வாக்கிடாக்கியில் பேசினார்கள்.

"புகார் வந்துச்சுன்னு ஏன் சார் சொல்லல?"

"பாத்தேம்மா. சத்தியமா பாத்தேன். திரையில இந்தக் கண்ணாடியைத் திறந்து பாத்தேன். ஒண்ணும் இல்ல."

"எதுல பாத்தீங்க?"

மைதிலி ஷியாம்சுந்தரின் கையிலிருந்து வாக்கிடாக்கியைப் பிடுங்கினார். "நாங்க பாக்கிற அதே படமா உங்களுக்கும் வருது? அழிச்ச படமா?"

அவர் சொன்னது மோனிஷாவுக்குக் கேட்கவில்லை. உதடு அசைந்தது தெரிந்தது. மைதிலி அதைத் திருப்பிச் சொன்னார்: "அவங்க திரையிலயும் அதான் வருமாம்."

"அது பொய்ப் படம்னு அவருக்குத் தெரியுமே, மேடம். ஆளு எறங்கியிருக்காருன்னும் தெரியும். கேளுங்க."

மைதிலி கேட்டார். ஷியாம்சுந்தர் வாக்கிடாக்கியை வாங்கிக்கொண்டு, மோனிஷாவைப் பார்க்காமல் அவளுக்குப் பின்னால் இருந்த கடலைப் பார்த்துச் சொன்னார்.

"தெரியும்மா. ஆனா சுத்தமா இருந்துச்சு. பாத்தா நம்பத்தான் தோணுது."

மோனிஷா அவரையே பார்த்தாள். அடிக்க வேண்டும் போல இருந்தது. நடுவே கண்ணாடி இருந்தது.

"இதைப் போலீஸ்ல சொல்லணும் சார். இப்ப சொன்னதை, இதே மாதிரி."

"என் வேலை..."

"எங்க வேலை இன்னிக்குக் காலையிலயே போச்சு சார். அதுக்கே நாங்க பயப்படல."

"நான் சொல்றேன். என் போன்ல இருக்கு, எல்லாம் இருக்கு" என்றார் மைதிலி, வாக்கிடாக்கியை மறுபடி வாங்கிக்கொண்டு. பிறகு மோனிஷாவை நேராகப் பார்த்தார். "நான் எழுந்து இந்தக் கண்ணாடிகிட்ட வந்தேன். இதே இடம். கை வெச்சுப் பாத்தேன், அதிர்ந்துச்சு. கடல்தான் தெரிஞ்சுது. திரும்பிப் போயிட்டேன்."

அவரை மன்னிப்பது மோனிஷாவின் வேலை இல்லை.

*

அன்று மாலையே நான்கு பேரையும் வேலையிலிருந்து நீக்கினார்கள். மைதிலி சொன்னபடி காவல் நிலையம் வந்து எழுதிக் கொடுத்தார். அவரைச் சங்கத்தில் யாரும் இப்போது எதற்கும் கூப்பிடுவதில்லை. ஷியாம்சுந்தர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார், பாதிக்குப் பாதி மறந்துபோனதாகவும் சொன்னார். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

கண்களைத் துடைக்க நிர்வாகம் புதுக் குழு ஒன்றை வரவழைத்தது. திண்டிவனம் பக்கத்து ஆட்கள். முதல் நாள் காலை அவர்கள் வேனிலிருந்து இறங்கும்போது வாசலில் மோனிஷாவும் செல்வியும் நின்றார்கள். காவலாளி விரட்ட வந்தார். செல்வி யாரென்று தெரிந்ததும் திரும்பிப் போய்க் கூண்டில் உட்கார்ந்துகொண்டார்.

மோனிஷா நடந்ததைச் சொன்னாள். அலங்காரம் இல்லாமல், நேரம் நேரமாகச் சொன்னாள். குழுத் தலைவன் கேட்டுவிட்டு மேலே நிமிர்ந்து பார்த்தான்.

"அப்ப எங்களை ஏற வேணாங்கிறீங்களாக்கா?"

"ஏறுங்கப்பா. பொழப்பு இல்லியா? நல்லாத் தொடைங்க. அந்தப் பொத்தானை மட்டும் வுட்டுடுங்க."

"ஏன் தொடைக்கலன்னு கேப்பாங்களே?"

"கண்ணுல படலன்னு சொல்லு."

இரண்டு மாதத்தில் ஆறு குழு மாறியது. ஒவ்வொரு குழு வரும்போதும் வாசலில் யாராவது நின்றார்கள். மோனிஷா, இல்லையென்றால் சகாயம், இல்லையென்றால் செல்வி. ஆறாவது குழு வந்தபோது சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. கயிற்றில் தொங்குகிறவர்கள் எல்லோருக்கும் விஷயம் போய்ச் சேர்ந்திருந்தது. கண்ணாடிகள் பளபளத்தன. கண்களில் உப்புப் பூத்தது.

ஒரு சனிக்கிழமை மைதிலியிடமிருந்து மோனிஷாவின் கைப்பேசிக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. செல்வி வீட்டு வாசலில் உட்கார்ந்து மோனிஷா அதைச் சத்தமாகப் படித்தாள்.

"வெளிப்புறத் தூய்மைப் பணி நடைபெறும் நாட்களில் குடியிருப்போர் தத்தம் வீட்டுச் சாளரங்களுக்குத் திரைச்சீலை மாட்டிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

"திரைச்சீலைன்னா?" என்றாள் செல்வி.

"ஸ்கிரீன் துணி."

செல்வி முறத்தில் இருந்த கீரையை ஆய்வதை நிறுத்தினாள்.

"அப்போ," என்றாள், "அங்க ஆளு தொங்குதுன்னு ஒத்துக்கினாங்க."